ஜூவுக்குப் போன செவ்வாய்க்கிழமைகள்

பிப்ரவரி 17, திங்கள்

பீடி இலையை நனைத்து வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனேன். அம்மா எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டு மூக்கம்மாக்கா எனக்கு முன்னால் குடத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி ஜெயா, நாளைக்கு விடியக்காலம் எங்கயோ கிளம்புதியளாமே?"

திருவனந்தபுரத்தில் பத்மநாபசாமி கோயிலுக்கு என்று சொல்ல வேண்டும். அம்மா நான்கு நாளாகச் சொல்லிக்கொடுத்தது. ஆனால் முகத்தைப் பார்த்து யாராவது கேட்டால் எனக்கு வாய்க்குள் இருப்பதெல்லாம் கலைந்துவிடும். பதினொன்றாம் வகுப்பை மூன்றாம் மாதமே விட்டதும் இதனால்தான். எழுந்து வாசி என்பார்கள். புத்தகம் கண் முன்னால் இருக்கும், குரல் இருக்காது.

"ஜூவுக்கு" என்றேன்.

எப்படி வந்தது அது? போன மாதம் டெஸ்டுக்குப் போனபோது அந்த ஊரில் ஒரு சுவரில் புலிப் படம் பார்த்தேன். அதுவாகத்தான் இருக்கும்.

"ஜூவுக்கா? இந்த வயசுல உங்க அம்மைக்கு என்ன ஜூ?" என்று சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கோயில்னு சொல்லுன்னு சொன்னேன்லா. சரி விடு. இனி மாத்துனா சந்தேகப்படுவா."

அம்மாவுக்கு இடது மார்பில் கட்டி. கெட்ட கட்டி என்று சொல்லிவிட்டார்கள். இருபத்தொரு நாளுக்கு ஒரு முறை மருந்து ஏற்ற வேண்டும், எட்டு முறை. பிறகு ஆபரேஷன். எங்கள் நான்கு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. அக்கா முத்துலட்சுமியைக் கீழப்பாவூரில் பேசி முடித்திருக்கிறது, ஆவணியில் கல்யாணம். அம்மாவுக்கு வந்தது மகளுக்கும் வரும் என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாற்றிய தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஐந்து மணி பஸ். புளியரை தாண்டியதும் குளிர். அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

ஒரு மணிக்கெல்லாம் மருந்து ஏற்றி முடித்துவிட்டார்கள். எங்கள் பஸ் ஐந்து மணிக்கு. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார இடமில்லை. எல்லோரும் சுவரோரமாகத் துண்டு விரித்துப் படுத்திருந்தார்கள். "உன் ஜூவுக்கே போவோம், அங்கன மரமாவது இருக்கும்" என்றாள் அம்மா. கோபமா விளையாட்டா தெரியவில்லை.

நிஜமாகவே நிறைய மரம். நீர்யானைத் தொட்டிக்கு எதிரே ஒரு பெஞ்சில் அம்மாவைப் படுக்க வைத்தேன். என் மடியில் தலை. மூன்று மணி நேரம் நான் அசையவில்லை, நீர்யானையும் அசையவில்லை. முதுகு மட்டும் ஒரு பாறை போலத் தெரிந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மட்டும் மூக்கை வெளியே நீட்டி மூச்சு விட்டது.

வீட்டுக்கு வந்ததும் கடைசி வீட்டு ரெபேக்காள் அக்காவின் மகள் பெர்சிஸ் ஓடி வந்தாள். ஏழு வயது. "யக்கா, என்ன பாத்த?"

"நீர்யானை."

"எத்தாத்தண்டி?"

யோசித்தேன். "நம்ம வீட்டுக் கதவு வழியா வராது."

அவள் எங்கள் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிப்ரவரி 21, வெள்ளி

இன்றும் வாந்தி. பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லியிருக்கிறோம். "ஜூ பாத்துட்டு வந்து மூணு நாளாவா வாந்தி எடுப்பாவ?" என்கிறாள் மூக்கம்மாக்கா. வாளி கழுவி, அம்மாவுக்குக் கஞ்சி வைத்து, மிச்ச நேரத்தில் பீடி. அம்மாவின் கணக்குக்கும் சேர்த்து நான் சுற்ற வேண்டியிருக்கிறது. விரல் நுனியெல்லாம் எரிகிறது.

மார்ச் 9, ஞாயிறு

தலையணையில் முடி கொத்துக் கொத்தாக. அதனால் திருச்செந்தூர். மகள் கல்யாணம் நல்லபடியாக நடக்க மொட்டை போடுவதாக அம்மா நேர்ந்துகொண்டாள் என்று எல்லாரிடமும் சொன்னோம். இந்த யோசனை அக்காவுடையது. எங்களில் புத்திசாலி அவள்தான்.

முடி எடுக்கிறவர் அம்மாவின் தலையில் தண்ணீர் தெளித்துக் கையால் தேய்த்தார். கையோடு வந்துவிட்டது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்தே முழுவதையும் எடுத்தார். கடைசியில் சும்மா இரண்டு இழுப்பு கத்தியால் இழுத்தார், பார்க்கிறவர்களுக்காக. நாங்கள் எழுந்தபோது, "நல்லா இருப்பிய தாயி" என்றார்.

அப்பா கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அப்பா காய்கறி லாரி ஓட்டுகிறார், பாவூர்சத்திரத்திலிருந்து கேரளாவுக்கு. வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். அந்த இரண்டு நாளும் இப்படித் திரும்பிக்கொண்டேதான் இருக்கிறார்.

மார்ச் 11, செவ்வாய்

இரண்டாவது தடவை. சிங்கவால் குரங்கு பார்த்தோம். முகத்தைச் சுற்றி வெள்ளை முடி, தாடி வைத்த தாத்தா போல. அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "அதுக்கு எம்புட்டு முடி பாரு" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அம்மாவுக்கு மூச்சு வாங்கியது, உட்கார்ந்துவிட்டோம்.

ஏப்ரல் 1, செவ்வாய்

மூன்று. கரடி.

ஏப்ரல் 3, வியாழன்

தெருவில் எனக்கு ஜூக்காரி என்று பெயர் வந்துவிட்டது. "பேசாத பிள்ள, அதான் மிருகங்களப் பாக்கப் போவுது" என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். நான் நிற்கிறேன் என்று தெரிந்தும்.

ஆனால் சாயங்காலம் ஆனால் பிள்ளைகள் வந்துவிடுகின்றன. நான் பீடி சுற்றிக்கொண்டே சொல்லுவேன். தலையைக் குனிந்திருப்பதால் பேச்சு வருகிறது. கரடிக்குத் தேன் எப்படிக் கொடுக்கிறார்கள், புலி எத்தனை மணிக்குத் தூங்கும். பாதி நான் பார்த்தது, பாதி பார்த்திருக்க வேண்டியது.

இன்று மூக்கம்மாக்காவும் வந்து உட்கார்ந்தாள். "அடுத்த மட்டம் நானும் வாரேன்டி. பிள்ளையளையும் கூட்டிட்டுப் போவோம்."

 "ஜூ லீவு" என்றேன்.

"ஜூவுக்கு லீவா?"

"திங்கக்கிழமை லீவு."

"நீ செவ்வாக்கிழமைல்லா போற?"

அக்கா உள்ளேயிருந்து வந்து, பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கிறதே, அடுத்த மாதம் வெயிலாயிற்றே என்று ஏதேதோ சொல்லிச் சமாளித்தாள். மூக்கம்மாக்கா என்னையே பார்த்துக்கொண்டு எழுந்து போனாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

அம்மாவுக்கு இப்போது புருவமும் இல்லை. இமை முடியும் இல்லை. அக்கா தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் பென்சிலால் புருவம் வரைந்துவிடுகிறாள். அக்கா வரைந்தால் அம்மா எப்போதும் லேசாக ஆச்சரியப்பட்ட மாதிரி இருப்பாள். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவள், நேர்க்கோடு போடத் தெரியாதா என்று கேட்டேன். "நீ வரைஞ்சு பாரு" என்றாள். நான் வரைந்தால் அம்மா கோபமாக இருக்கிறாள்.

அதனால் ஆச்சரியமே இருக்கட்டும் என்று விட்டோம்.

நான்காவது தடவை இன்று. பாதி முடிந்தது.

மே 13, செவ்வாய்

ஜூ வாசல் வரைதான் போனோம். அம்மாவால் நடக்க முடியவில்லை. வெயில். வெளியே நடைபாதையில் ஒரு மரத்தடியில் செய்தித்தாள் விரித்துப் படுத்துவிட்டாள். போகிறவர்கள் பார்த்தார்கள். ஒரு பெண் வந்து மலையாளத்தில் "எந்து பற்றி?", என்ன ஆச்சு என்று கேட்டு, தன் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளேயிருந்து ஏதோ ஒரு பறவை கத்திக்கொண்டே இருந்தது. என்ன பறவை என்று தெரியாமலே பஸ் ஏறினோம்.

பிள்ளைகள் காத்திருந்தன. ஒரு மயிலும் ஒரு முதலையும் சண்டை போட்ட கதையைச் சொன்னேன். இதுவரை சொன்னதிலேயே இதுதான் நன்றாக இருந்தது என்றாள் பெர்சிஸ். முழுப்பொய் இது ஒன்றுதான்.

ஜூன் 3, செவ்வாய்

ஆறு. பெஞ்சில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பெஞ்சு என்று எப்போது நினைக்க ஆரம்பித்தேன்?

ஜூலை 6, ஞாயிறு

சாரல் நன்றாக இருக்கிறது, எல்லாரும் ஒன்றாகக் குளிப்போம் என்று கீழப்பாவூர்க்காரர்கள் கூப்பிட்டார்கள். மறுக்க முடியாது. மறுத்தால் ஏன் என்பார்கள். குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அருவிக்கு வரமாட்டோம் என்று எந்த வீட்டிலாவது சொல்வார்களா?

ஐந்தருவி. மாப்பிள்ளை மாரிச்செல்வம், அவர் தாய்மாமா பிச்சுமணி எல்லாம் ஆண்கள் பக்கம் போனார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஆவுடைத்தாய் அத்தை எங்களோடு. அத்தை அதிகம் பேசமாட்டார். கணவர் இல்லை, வீட்டில் எல்லாம் அண்ணன் பிச்சுமணி சொல்வதுதான் நடக்கும்.

அம்மா ஜலதோஷம் என்று சொல்லி ஓரமாக நின்றாள். ஆனால் கூட்டம் தள்ளியதில் ஒரு கிளைத் தண்ணீர் நேரே அம்மாவின் முகத்தில் விழுந்தது. நான் பார்க்கும்போது இரண்டு புருவமும் கறுப்பாகக் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்த் துண்டால் தலையோடு முகத்தை மூடித் துவட்டினேன். அம்மா உள்ளேயிருந்து "மூச்சு முட்டுதுட்டி" என்றாள்.

யாரும் பார்க்கவில்லை. அத்தை அப்போது கூந்தலைப் பிழிந்துகொண்டிருந்தார்.



ஜூலை 15, செவ்வாய்

எட்டாவது. கடைசி. கட்டி சுருங்கிவிட்டது என்றார் டாக்டர். ஆகஸ்ட் 12 ஆபரேஷன் என்றார். அம்மா கல்யாணத்தைச் சொல்லி செப்டம்பர் வரை கேட்டாள். அவர் காலண்டரையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "செப்டம்பர் ரெண்டு. அதுக்கு மேல ஒரு நாள் கூடத் தள்ளக்கூடாது" என்றார்.

கல்யாணம் ஆகஸ்ட் 28. நடுவில் நான்கு நாள்.

நீர்யானையிடம் சொல்லிக்கொண்டு வந்தோம்.

ஜூலை 20, ஞாயிறு

எல்லாம் போயிற்று.

மூக்கம்மாக்காவின் சொந்தக்காரி ஒருத்தி கீழப்பாவூரில் இருக்கிறாளாம். அவள் பிச்சுமணி மாமாவிடம் சொல்லியிருக்கிறாள். பெண்ணின் தங்கச்சிக்குப் புத்தி சரியில்லை, பள்ளிக்கூடத்தை விட்டே நிறுத்திவிட்டார்கள், மாதா மாதம் திருவனந்தபுரத்தில் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வைத்தியம் பார்க்கிறார்கள், கேட்டால் ஜூ என்று சொல்கிறார்கள்.

மாமா போனில் அப்பாவிடம், "மறைச்சிட்டிய பாத்தியளா. தை வரைக்கும் போவட்டும், விசாரிச்சுக்கிடுதோம்" என்றாராம்.

ஜூ என்று சொன்னது நான். கோயில் என்று சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஒரே ஒரு வார்த்தை. மாதம் ஒரு முறை கோயிலுக்குப் போனால் யாரும் பைத்தியம் என்று சொல்வதில்லை.

ஜூலை 23, புதன்

அம்மா ஆபரேஷனுக்குப் போகமாட்டாளாம்.

தை வரைக்கும் தள்ளிப்போனால் ஆபரேஷனும் தைக்கு அப்புறம்தானாம். மார்பை எடுத்துவிட்டு வந்தால் மறைக்க முடியாது, கல்யாணம் நின்றே போய்விடும் என்கிறாள். அப்பா கத்தினார். அக்கா கல்யாணமே வேண்டாம் என்று அழுதாள். அம்மா இலையை வெட்டிக்கொண்டே இருந்தாள். டாக்டர் ஒரு நாள் கூடத் தள்ளக்கூடாதுன்னு சொன்னாரேம்மா, உனக்குக் கேக்கலியா, நீ இல்லாம அவ கல்யாணம் நடந்து என்னத்துக்கு — இதெல்லாம் நான் சொல்லவில்லை. தொண்டை வரைக்கும் வந்தது. இங்கே எழுதுகிறேன், அவ்வளவுதான். எழுதி என்ன பிரயோசனம்?

எட்டுத் தடவை. எட்டுத் தடவையும் அந்த ஊசியைப் பார்த்தது நான்தானே.

ஜூலை 27, ஞாயிறு

பிச்சுமணி மாமாவும் ஆவுடைத்தாய் அத்தையும் வந்தார்கள். ஆடியில் வரமாட்டார்கள் என்று நினைத்தோம். கல்யாணத்தை நிறுத்தத்தானே, அதற்கு ஆடி என்ன என்று வந்திருப்பார்கள்.

மாமா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "பரமசிவம், சுத்தி வளைக்க வேண்டாம். திருவனந்தபுரத்துக்கு யாரு, எதுக்குப் போறிய?"

அப்பா தரையைப் பார்த்தார். அம்மா காப்பித் தம்ளரோடு நின்றாள். வாயைத் திறந்தாள். சொல்லப்போகிறாள் என்று தெரிந்தது.

"எனக்குத்தான் மாமா" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். நான் தலையைக் குனிந்து, மடியில் பீடித் தட்டு இருப்பதாக நினைத்துக்கொண்டேன். பிள்ளைகளுக்குச் சொல்வது போலவே வந்தது. "எனக்குப் பயம் மாமா. ஆளக் கண்டா பேச்சு வராது. பத்து படிக்கையில காய்ச்சல் வந்துது, அதுக்கப்புறம் இப்படி. பரம்பரையில யாருக்கும் கிடையாது. அக்காவுக்கு வராதுன்னு டாக்டர் எழுதியே குடுத்திருக்காரு. மாசம் ஒரு தடவ போனாப் போதும். மாத்திரை ஒத்துக்கிடாம வாந்தி வரும். இப்ப முக்காவாசி சரியாயிட்டு. மனசு லேசாகணும்னு அவியதான் ஜூவுக்கும் போகச் சொன்னாவ. நீர்யானையப் பாத்துட்டே இருந்தா நல்லா இருக்கும்..."

நீர்யானையைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். நிறுத்தத் தெரியவில்லை.

மாமா முகம் இளகியது. "இதச் சொல்லுததுக்கு என்ன? சின்னப் பிள்ள, சரியாப் போவும்." பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆனா மேடையில பொண்ணு பக்கத்துல இத நிப்பாட்ட வேண்டாம். நாலு பேரு வருவாவ" என்றார்.

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

அவர்கள் போனதும் அம்மா என்னை அறைந்தாள். பிறகு கட்டிக்கொண்டாள். அக்கா, "போன் போட்டு அவியட்ட உள்ளதச் சொல்லிருவேன்" என்று எழுந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் விடவில்லை. செப்டம்பர் ரெண்டு, செப்டம்பர் ரெண்டு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

கல்யாணம் முடிந்தது. நான் பந்தியில் இலை போட்டேன். தாலி கட்டுகிற மேளம் கேட்டபோது கையில் இருபது இலை இருந்தது. ஒரு நிமிடம் நின்றேன். பிறகு போட்டேன். மேடையில் அம்மா ஆச்சரியப்பட்ட புருவத்தோடு நின்றது தூரத்திலிருந்து தெரிந்தது.

கால் வலிக்கிறது. எதையும் நினைக்கத் தோன்றவில்லை.

செப்டம்பர் 6, சனி

ஆபரேஷன் முடிந்து நான்காவது நாள். அம்மா இன்று இட்லி சாப்பிட்டாள்.

தெருவில் நான்தான் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறேன், அம்மா துணைக்கு இருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறோம். மூக்கம்மாக்கா அப்பாவிடம் எனக்கென்று ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். "வாய் தவறிச் சொல்லிட்டேன், பிள்ள மனசுல வச்சிக்கிடக் கூடாது" என்றாளாம். கலக்கி அம்மாவுக்குக் கொடுத்தேன். மிச்சத்தை நான் குடித்தேன், பொய்யாக வேண்டாமே என்று.

அக்டோபர் 14, செவ்வாய்

எடுத்த இடத்தில் மிச்சம் எதுவும் இல்லையாம். இனி மாத்திரைதான், மூன்று மாதத்துக்கு ஒரு முறை காட்டினால் போதும். அம்மா ஜூவுக்கு வேண்டாம், வீட்டுக்குப் போவோம் என்றாள். மதிய பஸ்ஸிலேயே ஏறிவிட்டோம்.

இந்தத் தடவை என்ன பார்த்தாய் என்று பெர்சிஸ் கேட்டாள். சொல்ல ஒன்றும் இல்லை.

சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்? தூக்கம்தான் வருகிறது. பகல் முழுக்கத் தூங்குகிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மழை. ஆவுடைத்தாய் அத்தை தனியாக வந்தார். அக்கா வரவில்லை, மாமா வரவில்லை. குடையை மடக்கி வைத்துவிட்டு, அம்மா காப்பி போடப் போன நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உன்னப் பாக்குத டாக்டர்ட்ட என்னயும் கூட்டிட்டுப் போவியா? எனக்கும் தூக்கம் இல்ல. நெஞ்சு படபடன்னு வருது. யாருட்டயும் சொல்லாத."

இல்லாத டாக்டர்.  தலையை ஆட்டிவிட்டேன்.

"செவ்வாக்கிழமைதானே போவ?" என்றார்.

நவம்பர் 11, செவ்வாய்

அம்மாவிடம் சொல்லவில்லை. அக்கா வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். செங்கோட்டையில் அத்தை பஸ் ஏறினார். வழியெல்லாம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பார்த்தேன். தென்மலையில் சொல்லலாம், குளத்துப்புழையில் சொல்லலாம். ஊரே வந்துவிட்டது. வேறு இடம் தெரியாமல் ஜூவுக்கே கூட்டிப்போனேன். டாக்டர் வர நேரமாகும், அதுவரைக்கும் இங்கே இருப்போம் என்றேன்.

மழை விட்டிருந்தது. பெஞ்சு ஈரம். என் துண்டால் துடைத்து உட்கார வைத்தேன். அத்தை நீர்யானையை வெகுநேரம் பார்த்தார்.

"இது எப்பவும் இப்படி முங்கியேதான் கிடக்குமா?"

"மூச்சு விட மேல வரும் அத்தை."

மேலே வந்தது. புஸ்ஸென்று விட்டது. மறுபடி உள்ளே போயிற்று.

"உங்க அம்மை எத்தன மட்டம் இந்த பெஞ்சில இருந்திருப்பா?"

கையிலிருந்த ஈரத் துண்டை முறுக்கிப் பிழிய ஆரம்பித்தேன்.

"முடிய முருகனுக்குக் குடுத்தா, சரி. புருவத்தையுமாட்டி குடுப்பா?" என்றார் அத்தை. நீர்யானையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். "நீ துண்டப் போட்டு மூடுததுக்கு முன்னாலயே பாத்துட்டேன். எங்க சின்ன நாத்தனாருக்கு இப்படித்தான் இருந்துது."

"அப்ப அன்னிக்கு ஏன் அத்தை..."

"பேச்சே வராதுன்னு சொல்லுத பிள்ள அர மணி நேரம் நிறுத்தாமப் பேசுது. பொய்யின்னு எனக்குத் தெரியாதா? எங்க அண்ணன் நம்பிட்டான். அது போதும்னு இருந்துட்டேன்." என் பக்கம் திரும்பி, "உன்ன மேடையில நிப்பாட்டலன்னு எனக்கு வருத்தம்தான். ஆனா நானும் வாயத் திறக்கலயே" என்றார்.

பிறகு சேலைக்கு மேலாக வலது பக்கம் கையை வைத்தார். வைத்தபடியே இருந்தார்.

"ரெண்டு மாசமா இருக்கு. வலியில்ல. வீட்டுல தெரிஞ்சா மருமவ வந்த நேரம்னு முத்துலட்சுமியத்தான் சொல்லுவாவ. எங்க அண்ணன் முதல் ஆளாச் சொல்லுவான். உங்க அம்மைய எங்க காட்டுனியோ அங்கன என்னயும் காட்டு."

 எழுந்து அத்தையின் பையை எடுத்துக்கொண்டேன்.

எந்தக் கவுண்டரில் சீட்டு போட வேண்டும், எந்த வரிசை சீக்கிரம் நகரும், தண்ணீர் எங்கே, எந்த நர்ஸ் கோபப்படமாட்டாள், எல்லாம் எனக்குத் தெரியும். கவுண்டரில் "ஆர்க்கா?", யாருக்கு என்று கேட்டார்கள். "அம்மைக்கு" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சரியாகக் கேட்டது.

ஊசி குத்தி எடுத்திருக்கிறார்கள். பத்து நாளில் ரிசல்ட்.

நவம்பர் 16, ஞாயிறு

இந்த வருஷம் போனதில் எது ரொம்பப் பிடித்தது என்று பெர்சிஸ் கேட்டாள். பிள்ளைகள் எல்லாம் ஆளுக்கொன்று சொன்னார்கள். கரடி, புலி, சிங்கவால் குரங்கு.

வாசலோடு திரும்பி வந்த அந்த மே மாதம் என்று சொன்னேன். அன்றைக்குத்தான் மயிலும் முதலையும் சண்டை போட்டதே என்றாள் அவள். ஆமாம் என்றேன்.

நவம்பர் 24, திங்கள்

அத்தைக்கும் அதேதான்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.  அவள் பெட்டியைத் திறந்து, தன்னுடைய பருத்தி முக்காட்டுத் துணி இரண்டையும் எடுத்துத் துவைத்துக் காயப்போட்டாள். மழையில் காயாது என்று தெரிந்தும்.

டிசம்பர் 1, திங்கள்

நாளைக்கு முதல் மருந்து. எலுமிச்சம்பழம், பாலிதீன் பை, இரண்டு துண்டு, தண்ணீர்ப் பாட்டில் எடுத்து வைத்துவிட்டேன். புருவப் பென்சிலும் வைத்தாள் அம்மா. அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்றேன். இருக்கட்டும் என்றாள்.

வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருகிறீர்கள் என்று அத்தையிடம் போனில் கேட்டேன்.

"உன்கூட ஜூவுக்குப் போறேன்னு சொல்லிருக்கேன்" என்றார்.